ஹெம்ப், சிபிடி பொருட்களும் சட்டமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்குக் கொடுக்கும் விலை சரியும் ஆண்டுகளிலும், பாலக்கோடு, இராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை பறிகூலிக்கும் கட்டாமல் போகும் நாட்களிலும், குறைந்த நீரில் நல்ல வருமானம் தரும் மாற்றுப் பயிர் எது என்ற பேச்சு இவ்விரு மாவட்டங்களிலும் எழுவது இயல்பு. அந்தப் பேச்சில் ஹெம்ப் என்ற பெயரும் இப்போது அடிபடுகிறது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்த, போதைப்பொருள் மிகக் குறைவாக உள்ள வகை. அதன் நார், விதை, விதை எண்ணெய், சிபிடி எனப்படும் கன்னாபிடியால் என்ற வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு உலகச் சந்தையில் தேவை இருப்பது உண்மை. இந்தியாவில் ஹெம்ப் விதை உணவாக விற்கப்படுவதும், சிபிடி அடங்கிய ஆயுர்வேத எண்ணெய்கள் இணையத்தில் கிடைப்பதும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து, பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஓர் உழவர் தம் நிலத்தில் அச்செடியைப் பயிரிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. அப்படிப் பயிரிட்டால் அவருக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கக்கூடும்.

ஹெம்ப் சட்டப்படி சரியா, தவறா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை கிடையாது. செடியின் எந்தப் பகுதி, எந்த மாநிலம், என்ன நோக்கம், யாருடைய உரிமம் என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: எந்தச் செடி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் பகுதியில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கப்படும் சணப்பும் தக்கைப்பூண்டும், கோணிப்பைக்கு நார் தரும் சணலும், நாருக்கும் கீரைக்கும் பயன்படும் புளிச்சையும் கஞ்சாச் செடியோடு எந்த உறவும் இல்லாதவை. ஆங்கிலப் பெயர்களில் உள்ள ஒற்றுமையால் விதைக் கடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் இவை குழப்பிக்கொள்ளப்படுகின்றன. சணப்பு விதைப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் "தொழிற்துறை ஹெம்ப் விதை" என்று யாராவது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தால், அதன் தாவரவியல் பெயரை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்பெயர் கன்னாபிஸ் என்று தொடங்கினால் நீங்கள் நிற்பது வேறு சட்டத்தின் எல்லையில். ஐயம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ விதையைக் காட்டிக் கேட்பது நல்லது. முளைக்க வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: சட்டம் செடியை எப்படிப் பிரிக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

என்.டி.பி.எஸ். என்று பரவலாக அறியப்படும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், தன் 2-ஆம் பிரிவில் கஞ்சாச் செடி என்பதற்குக் கன்னாபிஸ் இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்று பொருள் தருகிறது. அச்செடியில் போதை தரும் டிஎச்சி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. நீளமாக வளர்ந்து நாருக்கு மட்டுமே பயன்படும் வகையும், போதைக்காகவே வளர்க்கப்படும் வகையும் இந்த வரையறையின் முன் ஒன்றே.

செடியிலிருந்து கிடைக்கும் பொருட்களைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிசின் எந்த வடிவில் இருந்தாலும் அது சரஸ். அதில் செறிவூட்டப்பட்ட ஹாஷிஷ் எண்ணெயும் அடங்கும். பூத்த அல்லது காய்த்த நுனிகள் கஞ்சா. நுனியோடு சேராமல் தனியே இருக்கும் விதையும் இலையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. இவற்றுள் எதையேனும் வேறொன்றோடு கலந்தாலும், அவற்றிலிருந்து பானம் தயாரித்தாலும் அந்தக் கலவையும் சட்டத்துக்கு உட்பட்டது. டிஎச்சி என்ற வேதிப்பொருள் மனமயக்கப் பொருட்களின் அட்டவணையில் தனியாகவும் இடம்பெற்றிருக்கிறது.

விதையும் இலையும் விடுபட்டிருப்பதால்தான் ஹெம்ப் விதை உணவும், இலைச்சாறு கொண்ட ஆயுர்வேத மருந்தும் சந்தைக்கு வர முடிந்தது. வட மாநிலங்களில் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கப்படுவதும் இந்த இடைவெளியால்தான். 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், பாங் என்பது என்.டி.பி.எஸ். சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பொருளாகக் குறிப்பிடப்படவில்லை என்று சொன்னது. ஜுஜுவாடி தாண்டினால் கர்நாடகம் என்ற நிலையில் வாழும் ஓசூர்க்காரர்கள் இந்தத் தீர்ப்பைத் தமிழ்நாட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதில் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் மத்தியச் சட்டத்தோடு 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டம் மதுவோடு போதைப் பொருட்களையும் சேர்த்தே தடுக்கிறது. அது முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் மண்ணில்தான்: ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. ஆகவே மத்தியச் சட்டம் இலையை விட்டுவிட்டது என்ற வாதம் ஒன்றை மட்டும் நம்பி இங்கே யாரும் இலை வணிகத்தில் இறங்கக் கூடாது.

மூன்றாம் படி: பயிரிடுவது பற்றிய சட்டத்தை ஐயமின்றிப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை முழுமையாகப் படிக்குமாறு உழவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொருள் வாங்கிய வணிகருக்குச் சரக்கும் பணமும் போகும், சில வேளைகளில் சிறையும் நேரலாம். பயிரிட்டவருக்கோ ஆண்டுகள் போகும்.

என்.டி.பி.எஸ். சட்டத்தின் 8-ஆம் பிரிவு எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடுவதைத் தடுக்கிறது. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக, சட்டமும் விதிகளும் சொல்லும் முறையில், உரிமம் பெற்று நடப்பது மட்டுமே விலக்கு. 10-ஆம் பிரிவு, சரஸ் நீங்கலாக மற்றவற்றின் சாகுபடியையும் உற்பத்தியையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. 14-ஆம் பிரிவு, நார் அல்லது விதை பெறுவதற்கான தொழில் நோக்கத்துக்காகவும் தோட்டக்கலை நோக்கத்துக்காகவும் மட்டும், அரசு பொது ஆணை அல்லது சிறப்பு ஆணையின் மூலம் சாகுபடியை அனுமதிக்கலாம் என்கிறது. நாருக்கும் விதைக்குமான சாகுபடியைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்த 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையின் போக்கை ஒட்டியே இந்தப் பிரிவும் அமைந்திருக்கிறது.

இந்த வழியைப் பயன்படுத்தி உத்தராகண்ட் மாநிலம் நாட்டில் முதலாவதாகத் தொழிற்துறை ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் வழங்கியது. அங்கே பயிரிடப்படும் செடியில் டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில், பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் இணைந்து கட்டுப்படுத்தப்பட்ட சாகுபடியை முன்னோட்டமாக ஆராய ஒப்புதல் அளித்தது. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் மருந்து நோக்கில் ஆய்வுச் சாகுபடி செய்கிறது. தமிழ்நாடு அரசு உழவர்களுக்கு இத்தகைய அனுமதி எதையும் வழங்கவில்லை.

ஆகவே, உத்தராகண்ட் உரிமத்தைக் காட்டி அரூரில் ஒப்பந்த சாகுபடிக்கு வரும் நிறுவனத்தின் தாளுக்கு இங்கே எந்த மதிப்பும் கிடையாது. ஒரு மாநிலம் கொடுத்த உரிமம் அந்த மாநிலத்தின் எல்லைக்குள், அதில் குறிப்பிட்ட நிலத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். "எங்கள் விதையில் டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கும் கீழ், ஆய்வுச் சான்று இருக்கிறது" என்று முகவர் சொல்லலாம். அந்த 0.3 என்ற எண் அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலும் உத்தராகண்டின் நிபந்தனையிலும் இருக்கிறது. என்.டி.பி.எஸ். சட்டத்தில் கஞ்சாச் செடிக்கான வரையறையில் அது இல்லை. எனவே அந்த ஆய்வுச் சான்று தருமபுரி உழவரைக் காப்பாற்றாது.

தண்டனையைப் பார்ப்போம். 20-ஆம் பிரிவின்படி கஞ்சாச் செடி பயிரிடுவதற்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். கஞ்சாவை வைத்திருப்பதற்கான தண்டனை அளவைப் பொறுத்து மாறும்: ஒரு கிலோவுக்குக் கீழ் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பயிரிடும் குற்றத்துக்கு இப்படிச் சிறு அளவு என்ற சலுகை எதுவும் சொல்லப்படவில்லை. ஐந்து செடிதானே என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதமாகலாம், குற்றம் இல்லை என்பதற்கான வாதம் ஆகாது. மேலும் 35-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும் என்றும், அது இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது என்றும் சொல்கிறது. "கம்பெனிக்காரர் சொன்னதை நம்பினேன்" என்பதை உழவரே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். இது எளிதன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு நாளை 14-ஆம் பிரிவின்கீழ் ஆணை பிறப்பித்தாலும், அது நாருக்கும் விதைக்குமான அனுமதியாகவே இருக்க முடியும். சிபிடி செறிந்திருப்பது பூ நுனிகளில். அந்த நுனி சட்டத்தின் கண்ணில் கஞ்சாதான். சிபிடி எடுப்பதற்கு மருத்துவ நோக்கில் 10-ஆம் பிரிவின்கீழ் தனி விதிகள் வேண்டும். எனவே ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று சிபிடி விலையை வைத்துக் கணக்குக் காட்டும் திட்ட அறிக்கைகளை நம்பி நிலத்தை அடகு வைப்பதும், முன்பணம் கட்டுவதும் வேண்டாம்.

மானாவாரி நிலத்துக்கு ஹெம்ப் பொருந்துமா என்று வேளாண் பல்கலைக்கழகம் ஆராய வேண்டும் என்பது என் விருப்பம். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் நிலங்களில் நாருக்கான ஒரு பயிரைச் சோதித்துப் பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் அந்தச் சோதனையை வேலியிட்ட ஆராய்ச்சிப் பண்ணையில் அரசே செய்ய வேண்டும். கடன் வாங்கிய உழவரின் நிலம் அதற்கான இடம் இல்லை.

நான்காம் படி: ஹெம்ப் விதை உணவு வணிகம் என்றால் இந்த எண்களை மனத்தில் வையுங்கள்

இவ்விரு மாவட்டங்களில் ஒருவர் சட்டப்படி நடத்தக்கூடிய வணிகங்களில் தெளிவான விதிகள் உள்ளது இதுதான். சிறுதானிய மாவு, மரச்செக்கு எண்ணெய் விற்கும் நிறுவனங்கள் பல இங்கே இருப்பதால், ஹெம்ப் விதையையும் சேர்த்து விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றுக்கான தரங்களை அரசிதழில் வெளியிட்டது. விதையில் மொத்த டிஎச்சி கிலோவுக்கு 5 மில்லிகிராமையும், விதை எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராமையும், விதையிலிருந்து செய்த பானத்தில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இந்த எண்களை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். வெளிநாட்டுப் பொருட்களின் சீட்டுகளில் (லேபிள்களில்) காணும் 0.3 விழுக்காடு டிஎச்சி என்பது கிலோவுக்கு 3000 மில்லிகிராம். நம் உணவு விதி எண்ணெய்க்கு அனுமதிப்பது 10. அதாவது அங்கே சட்டப்படியான ஓர் எண்ணெய் இங்கே உணவு என்ற கணக்கில் 300 மடங்கு வரை மிகுதியாக இருக்கக்கூடும். சிபிடிக்கும் இப்படியே. 30 மில்லிலிட்டர் விதை எண்ணெயின் எடை ஏறத்தாழ 28 கிராம். கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்ற உச்சவரம்புப்படி அதில் சுமார் 2 மில்லிகிராம் சிபிடிதான் இருக்கலாம். எனவே உணவு உரிம எண்ணை மட்டும் அச்சிட்டு, 500 மில்லிகிராம் சிபிடி, 1000 மில்லிகிராம் சிபிடி என்று விற்கப்படும் எந்தக் குப்பியும் உணவு விதிக்குள் அடங்காது. கடையில் வைக்கும்படி யாராவது கொடுத்தால் இந்த ஒரு கணக்கைக் கொண்டே மறுத்துவிடலாம்.

செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்து உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ, இறக்குமதி செய்வதாக இருந்தால் மத்திய உரிமமோ, உணவு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தின் வழியாகப் பெற வேண்டும். விண்ணப்பத்தில் ஹெம்ப் விதைப் பொருட்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பொதுவாக எண்ணெய் என்று எழுதிப் பெற்ற உரிமத்தைப் பின்னர் நீட்டிப் பொருள் கொள்ள முயல வேண்டாம். ஐயங்களை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்.

விதையை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதற்கான சான்றுதான் அடுத்தது. உரிமம் பெற்ற சாகுபடியாளரின் உரிம நகல், விலைப்பட்டியல், போக்குவரத்து ஆவணம், தொகுதி எண் ஆகியவை ஒவ்வொரு சரக்குக்கும் கோப்பில் இருக்க வேண்டும். விதையோடு பூ நுனித் துணுக்குகள் கலந்து வந்தால் சட்டம் தரும் விலக்கே போய்விடும். எனவே சலித்துச் சுத்தம் செய்த விதையை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, உணவு ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்தில் டிஎச்சி, சிபிடி அளவுகளைச் சோதித்து அறிக்கையைப் பாதுகாத்து வையுங்கள். விற்பவர் தரும் அறிக்கையை மட்டும் நம்புவது சிக்கனமாகத் தோன்றினாலும், அதிகாரி மாதிரி எடுக்கும் நாளில் பொறுப்பு உங்களுடையது.

சீட்டிலும் விளம்பரத்திலும் போதை, மயக்கம் தொடர்பான எந்தக் குறிப்பும் கூடாது. கஞ்சா, மரிஜுவானா போன்ற சொற்களும், விதை தவிரச் செடியின் வேறு பகுதியின் படமும் கூடாது. பச்சை இலைப் படம் போட்டால் நன்றாக விற்கும் என்று வடிவமைப்பாளர் சொன்னாலும் இசைய வேண்டாம். சிபிடியின் நலன்களைப் பற்றி உணவுச் சீட்டில் எழுதுவதும் கூடாது.

ஐந்தாம் படி: சிபிடி எண்ணெய் என்றால் மருந்துச் சட்டத்துக்குச் செல்லுங்கள்

இந்தியாவில் இணையத்தில் விற்கப்படும் பெரும்பாலான சிபிடி எண்ணெய்கள் "விஜயா" என்ற ஆயுர்வேதப் பெயரில், இலைச்சாறு கொண்ட ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்றவை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் இ(1) அட்டவணை, ஆயுர்வேத, சித்த, யுனானி முறைகளில் நச்சுத்தன்மை உள்ளவையாகக் கருதப்படும் பொருட்களைப் பட்டியலிடுகிறது. கன்னாபிஸ் சட்டைவா அதில் இடம்பெற்றிருக்கிறது. இப்பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த உள்மருந்தின் சீட்டில், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும்.

வாங்குபவர் குப்பியைத் திருப்பிப் பார்த்து அறிய வேண்டியவை பல. 161-ஆம் விதியின்படி மூலப்பொருட்களின் உண்மையான பட்டியல், தாவரவியல் பெயர், பயன்படுத்திய தாவரப் பகுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இலை என்று எழுதியிருக்கிறதா, அல்லது "ஹெம்ப் சாறு" என்று மட்டும் மழுப்பலாக இருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்தியாளரின் முழு முகவரி, ஆயுஷ் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவை வேண்டும். ஆயுர்வேத மருந்து அல்லது சித்த மருந்து என்ற சொற்கள் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம். பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்குவதும் வேண்டாம். வாங்கிய பிறகு அந்தச் சீட்டையும் விலைப்பட்டியலையும் குப்பியோடு சேர்த்து வைத்திருங்கள்.

உற்பத்தி செய்ய விரும்புவோர் சித்த, ஆயுர்வேத மருந்து உற்பத்திக்கான 25டி (25-D) உரிமத்தை மாநில உரிமம் வழங்கும் அலுவலரிடம் பெற வேண்டும். நல்ல உற்பத்தி நெறிகளைச் சொல்லும் டி (T) அட்டவணைப்படி கட்டடமும் ஆய்வு வசதியும் இருக்க வேண்டும். ஆனால் இதைவிடக் கடினமான கேள்வி மூலப்பொருள் பற்றியது. இலை எந்த மாநிலத்தில், யாருடைய அனுமதியின் பேரில் சேகரிக்கப்பட்டது, எந்தப் போக்குவரத்து அனுமதியோடு மாநில எல்லைகளைக் கடந்தது, அதில் பூ நுனி கலக்கவில்லை என்பதற்கு என்ன சான்று என்ற கேள்விகளுக்கு ஆவணம் இல்லாமல் ஓசூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரம் வாங்கிப் போடுவது வீண். செடியிலிருந்து பிரித்த பிசின் எந்த வடிவில் இருந்தாலும் சரஸ் என்ற வரையறை, செறிவூட்டும் தொழிலில் இறங்குபவரின் தலைக்கு மேல் எப்போதும் இருக்கிறது. உரிமத்தின் சொற்களுக்கு வெளியே ஒரு படி வைத்தாலும் அது மருந்துச் சட்ட மீறல் என்ற அளவில் நிற்காது.

இங்கே எடைக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, கலவையில் உள்ள தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பாராமல் கலவை முழுவதன் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் இதை உறுதி செய்தது. சரஸுக்குச் சிறு அளவு 100 கிராம், வணிக அளவு ஒரு கிலோ. டிஎச்சி துளியளவே இருந்தாலும், அதைச் சுமந்திருக்கும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எடையில் சேரும். சட்டத்துக்குப் புறம்பானது என்று ஒரு பெட்டி முடிவானால், வணிக அளவைத் தொட அதிகக் குப்பிகள் தேவைப்படாது. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 37-ஆம் பிரிவு அத்தகைய வழக்குகளில் ஜாமீனை மிகவும் அரிதாக்குகிறது.

புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்கள் தடைச் சட்டத்தின்படி தனிக் குற்றம். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போட்டாலும் அது விளம்பரமே.

ஆறாம் படி: நோயாளியின் குடும்பம் என்றால்

குழந்தையின் வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்காத நிலையில் பெற்றோர் சிபிடியைத் தேடுவது புரிந்துகொள்ளக்கூடியது. அவர்கள் பதில் பெற வேண்டியவர்கள். லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே எனப்படும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, தூய சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் அனுமதித்தது. அது அளவும் தூய்மையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இணையத்தில் கிடைக்கும் எண்ணெய் அதற்கு ஈடாகாது. சிபிடி, குளோபசாம் மருந்தின் அளவை உடலில் உயர்த்தும். வால்புரோயேட்டோடு சேரும்போது கல்லீரல் நொதிகள் உயரக்கூடும். எனவே நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு துளியும் கொடுக்க வேண்டாம், இருக்கும் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். வெளிநாட்டு மருந்துதான் தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவுக்கு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெறும் வழி மருந்து விதிகளில் இருக்கிறது. என்.டி.பி.எஸ். சட்டத்தின்கீழும் அனுமதி வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்த அனுமதி இல்லாமல் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருவதும், கூரியரில் வரவழைப்பதும் இறக்குமதிக் குற்றமாகலாம். வாங்கிய நாட்டில் கடை வைத்து விற்கிறார்கள் என்பது பெங்களூரு விமான நிலையச் சுங்கத்தில் செல்லாது. சிங்கப்பூர் வழியாகப் பயணம் செய்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே சிபிடி பொருட்களும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருட்களாகவே நடத்தப்படுகின்றன.

ஏழாம் படி: நார், துணி, சோப்பு

முதிர்ந்த தண்டிலிருந்து எடுத்த நாரும் அதில் நெய்த துணியும் கஞ்சா என்ற வரையறைக்குள் வருவதில்லை. நூலாகவோ துணியாகவோ வாங்கித் தைத்து விற்பதில் பொதுவான வணிக விதிகளே போதும். பச்சைத் தண்டைக் கட்டாக வரவழைக்க வேண்டாம், அதில் இலையும் நுனியும் ஒட்டியிருக்கும். விதை எண்ணெய் சேர்த்த சோப்பு, முடி எண்ணெய் ஆகியவற்றைத் தயாரிக்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்கீழ் உரிமம் வேண்டும்.

எட்டாம் படி: உங்கள் நிலமும் வண்டியும் பிறர் கையில் இருந்தால்

குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்ட நிலத்தில், துவரைக்கும் சோளத்துக்கும் நடுவே ஊடுபயிராகக் கஞ்சாச் செடி வளர்ந்தால் உரிமையாளருக்கு என்ன பொறுப்பு என்று பலருக்குத் தெரிவதில்லை. 46-ஆம் பிரிவின்படி, தம் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி பயிரிடப்பட்டிருப்பதை நில உரிமையாளர் உடனே காவல் துறைக்கோ சட்டம் குறிப்பிடும் பிற துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. 47-ஆம் பிரிவு இதே கடமையைக் கிராம நிர்வாக அலுவலர் உள்ளிட்ட அலுவலர்கள் மீதும் சுமத்துகிறது. சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப் பகுதிகளில் எட்டியிருக்கும் நிலத்தைப் பல மாதங்கள் பார்க்காமல் விடுவோர், பருவத்துக்கு ஒருமுறையாவது நேரில் சென்று பார்ப்பதும், குத்தகையை எழுத்தில் வைத்துப் பயிரின் பெயரைக் குறிப்பிடுவதும் தற்காப்பு. செடியைக் கண்டால் நீங்களே பிடுங்கி எரிக்க வேண்டாம். அது சான்றை அழித்ததாகப் பார்க்கப்படலாம், கையில் பொருளோடு நிற்கும் நிலையும் வரலாம். காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பின் 1933 என்ற எண்ணிலும் தகவல் சொல்லலாம்.

பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் சந்திக்கும் கிருஷ்ணகிரியில் லாரி வைத்திருப்போரும் பார்சல் அலுவலகம் நடத்துவோரும் 60-ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும். போதைப்பொருளை ஏற்றிச் சென்ற வண்டி பறிமுதலுக்கு உரியது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றும், தாமும் ஓட்டுநரும் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருந்தோம் என்றும் உரிமையாளர் மெய்ப்பித்தால்தான் வண்டி தப்பும். "மூலிகை எண்ணெய்", "ஹெம்ப் பொருள்" என்று எழுதிய பெட்டிகளுக்கு உரிம நகலும் விலைப்பட்டியலும் இல்லாமல் சரக்குச் சீட்டு போட வேண்டாம்.

ஒன்பதாம் படி: சோதனையோ கைதோ நேர்ந்தால்

அதிகாரிகளைத் தடுக்கவோ வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். உரிமம், விலைப்பட்டியல், ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்து ஒப்புகை கேளுங்கள், மூலத்தைக் கேட்டால் பறிமுதல் மகஜரில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ அழைத்துச் செல்லும்படி கேட்கும் உரிமையை 50-ஆம் பிரிவு உங்களுக்கு அளிக்கிறது. பெண்ணின் உடலைப் பெண் மட்டுமே சோதிக்க வேண்டும். கைதுக்கான காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். மகஜரில் எழுதியதை முழுவதும் படித்த பிறகு கையொப்பம் இடுங்கள். எடையும் குப்பிகளின் எண்ணிக்கையும் நேரமும் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் பின்னர் வழக்கின் தன்மையே அந்த எடையால் முடிவாகும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் இலவச சட்ட உதவி கேட்கலாம்.